ஃபீனாக்சிஎத்தனால்: கிரீம், ஜெல் தொழில் தொடங்குவோர் வாங்கும் நாள் முதல் லேபிள் ஒட்டும் நாள் வரை

கற்றாழை ஜெல் மூன்றாம் வாரத்தில் நீர்த்துப்போகும். கிரீம் டப்பாவின் மூடிக்கு உட்புறம் சாம்பல் நிறத்தில் பொட்டு வைக்கும். ரோஸ் வாட்டர் பாட்டிலைக் குலுக்கினால் அடியிலிருந்து பஞ்சு மாதிரி ஏதோ எழும்பி வரும். வாடிக்கையாளர் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிறகுதான் பலர் பிரிசர்வேட்டிவ், அதாவது கிருமி வளர்ந்து பொருள் கெடாமல் காக்கிற சரக்கு, பற்றித் தேடவே ஆரம்பிக்கிறார்கள்.

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர்ப் பக்கம் சிறிய அளவில் கிரீம், லோஷன், ஜெல் செய்து விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பிரிசர்வேட்டிவ்களில் ஃபீனாக்சிஎத்தனால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பி.எச். எனப்படும் அமில-கார அளவு 3 முதல் 10 வரை வேலை செய்யும், வாசனைத் திரவியத்தை அமுக்காது, சிறிய புட்டியிலும் கிடைக்கும். புதியவர் கைக்கு அடங்குகிற சரக்கு இது. ஆனால் கைக்கு அடங்குகிறது என்பதற்காகக் கண் அளவில் ஊற்றிவிட முடியாது.

1. உங்கள் பொருளுக்கு இது வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

தண்ணீர் இருந்தால் வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம். கற்றாழைச் சாறு, பன்னீர், அரிசி கழுவிய நீர், பால், மூலிகைக் கஷாயம் எல்லாமே தண்ணீர்க் கணக்குத்தான். தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய தலைமுடித் தைலம், தேன்மெழுகு போட்ட லிப் பாம், கட்டிச் சோப்பு, காய்ந்த நலங்கு மாவு ஆகியவற்றுக்குத் தேவையில்லை. ஈரக் கையை விட்டு எடுக்கிற ஸ்க்ரப் மட்டும் விதிவிலக்கு. அதைச் செய்யும்போது தண்ணீர் சேர்க்காவிட்டாலும் குளியலறையில் தண்ணீர் சேர்ந்துவிடும்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. வைட்டமின் ஈ எண்ணெய் பிரிசர்வேட்டிவ் அல்ல. எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது ஒன்றும் செய்யாது. வேப்பெண்ணெய், டீ ட்ரீ ஆயில் நாலு சொட்டு விட்டால் போதும் என்று சொல்கிறவர்கள் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

2. புட்டியோடு காகிதத்தையும் வாங்குங்கள்

கடையில் இப்படித்தான் பேச்சு ஓடும்:

“அண்ணா, இதுக்கு சி.ஓ.ஏ. குடுப்பீங்களா?”

“அதெல்லாம் எதுக்குங்க அம்மணி, சரக்கு நல்ல சரக்குங்க.”

அந்தக் கடையில் வாங்காதீர்கள். சரக்கு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் கழித்து உரிமத்துக்கு ஆய்வாளர் வந்து கேட்கும்போது, அந்தக் காகிதத்தைப் பின்தேதியிட்டு எவரும் தரமாட்டார். வாங்குகிற அன்றைக்கே கேட்டுப் பெற வேண்டியவை:

- சி.ஓ.ஏ. எனப்படும் பகுப்பாய்வுச் சான்று. அதிலுள்ள பேட்ச் எண்ணும் புட்டியின் மேலுள்ள பேட்ச் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தூய்மை 99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எஞ்சிய ஃபீனால் அளவும் குறிக்கப்பட்டிருந்தால் நல்லது. ஃபீனாலையும் எத்திலீன் ஆக்சைடையும் வினைபுரிய வைத்துத்தான் இதைத் தயாரிக்கிறார்கள்.
- எம்.எஸ்.டி.எஸ். எனப்படும் பாதுகாப்புத் தாள். அதில் சி.ஏ.எஸ். எண் 122-99-6 என்று இருக்கிறதா பாருங்கள். பெயரில் குழப்பம் வரலாம், எண்ணில் வராது.
- ஜி.எஸ்.டி. பில். கைச்சீட்டு வேண்டாம்.

கேனிலிருந்து பிரித்து, வெள்ளை பாட்டிலில் ஊற்றி, பேனாவால் பெயர் எழுதிக் கொடுப்பதுதான் பெரிய தொல்லை. அப்படிப் பிரித்த சரக்கில் பேட்ச் எண் காணாமல் போகும். மூலக் கேனின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வாங்கும்போது தனி ஃபீனாக்சிஎத்தனாலா, கலவையா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். 90 சதவீதம் ஃபீனாக்சிஎத்தனால், 10 சதவீதம் எத்தில்ஹெக்சில்கிளிசரின் சேர்ந்த கலவை பரவலாகக் கிடைக்கிறது. தனியாகப் போட்டால் ஃபீனாக்சிஎத்தனால் பாக்டீரியாவை, குறிப்பாக சூடோமோனாஸ் வகையை, நன்றாகப் பிடிக்கும். ஈஸ்ட், பூஞ்சை விஷயத்தில் கொஞ்சம் தளர்ந்துவிடும். எத்தில்ஹெக்சில்கிளிசரின் கூடச் சேர்ந்தால் அந்தத் தளர்ச்சி குறையும். புதியவருக்குக் கலவையே நல்லது என்பது எங்கள் கருத்து.

விலைக்குப் பயப்பட வேண்டாம். 100 கிராம் புட்டி 300 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோ கிரீமுக்கு 10 கிராம் போனால் 30 ரூபாய். 100 கிராம் டப்பா ஒன்றுக்கு 3 ரூபாய். மூடிக்கும் ஸ்டிக்கருக்கும் ஆகிற செலவு இதைவிட அதிகம்.

3. தராசு வாங்காமல் புட்டியைத் திறக்காதீர்கள்

சமையலறைத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் காட்டும். 100 கிராம் ஜெல்லுக்கு 0.9 கிராம் போட வேண்டிய இடத்தில் அது 1 என்று காட்டும்போது, உள்ளே விழுந்தது 0.6 ஆகவும் இருக்கலாம், 1.4 ஆகவும் இருக்கலாம். முதலாவதில் ஜெல் கெடும், இரண்டாவதில் சட்ட வரம்பு மீறும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். அதோடு 100 கிராம் எடைக்கல் ஒன்றும் வாங்கி, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் வைத்துப் பாருங்கள்.

மில்லி கணக்கில் ஊற்றாதீர்கள். இந்தத் திரவம் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மில்லி சுமார் 1.1 கிராம் வரும். ஒரு கிலோ லோஷனுக்கு 10 மில்லி என்று சிரிஞ்சில் அளந்து போட்டால் உள்ளே போவது 11 கிராம், அதாவது 1.1 சதவீதம். வரம்பு 1 சதவீதம். நல்ல எண்ணத்தோடு, கவனமாக அளந்தே வரம்பைத் தாண்டிவிடுவீர்கள். சொட்டுக் கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

4. அளவைக் கணக்கிடுங்கள்

முடிந்த பொருளில் ஃபீனாக்சிஎத்தனால் அதிகபட்சம் 1 சதவீதம். ஐரோப்பிய ஒன்றிய விதியிலும் அதே 1 சதவீதம்தான். அளந்ததில் சிறு பிசகு வந்தாலும் வரம்புக்குள் நிற்க, 0.9 சதவீதத்தைக் குறியாக வையுங்கள்.

தனி ஃபீனாக்சிஎத்தனால் என்றால் 500 கிராம் தயாரிப்புக்கு 4.5 கிராம், ஒரு கிலோவுக்கு 9 கிராம். மேலே சொன்ன 90:10 கலவை என்றால் கிலோவுக்கு 10 கிராம் போடலாம். அதற்குள் ஃபீனாக்சிஎத்தனால் 9 கிராம்தான் இருக்கும்.

கணக்கு இத்தோடு முடியவில்லை. பெரும்பாலோர் சறுக்குகிற இடம் இதற்கு அடுத்தது. நீங்கள் வாங்கிவரும் ரெடிமேட் கற்றாழை ஜெல், மூலிகைச் சாறு, கிரீம் பேஸ் எல்லாவற்றிலும் ஏற்கெனவே பிரிசர்வேட்டிவ் இருக்கும். உதாரணத்துக்கு, 0.8 சதவீதம் ஃபீனாக்சிஎத்தனால் உள்ள கற்றாழை ஜெல்லை உங்கள் கிரீமில் 30 சதவீதம் சேர்க்கிறீர்கள். அதன் வழியாகவே 0.24 சதவீதம் வந்துவிட்டது. அதன் மேல் நீங்கள் 0.9 போட்டால் மொத்தம் 1.14. ஆக, அந்தக் கிரீமில் நீங்கள் கையால் போட வேண்டியது 0.7 சதவீதத்தை ஒட்டித்தான். ஒவ்வொரு மூலப்பொருளின் காகிதத்தையும் பார்த்துக் கூட்டுங்கள். காகிதம் இல்லாமல் இந்தக் கணக்குப் போடவே முடியாது.

கைக்குழந்தைக்கான பொருளோடு தொழிலைத் தொடங்க வேண்டாம். ஃபிரான்சின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2012இல் மூன்று வயதுக்குட்பட்டோர் பொருள்களில் 0.4 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், டயாபர் கட்டும் இடத்தில் பூசுகிற பொருளில் வேண்டவே வேண்டாம் என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய அறிவியல் குழு 2016இல் 1 சதவீதம் எல்லா வயதினருக்கும் பாதுகாப்பானது என்றது. இந்த வழக்கைத் தீர்ப்பது புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் வேலையல்ல. பெரியவர்களுக்கான பொருளில் கை பழகட்டும்.

5. சப்பைத் தண்ணியை உள்ளே விடாதீர்கள்

அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்து போர் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததே. ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர் தூள் போட்டுச் செய்கிற ஜெல்லில் அந்த உப்புப் பட்டால் ஜெல் உடைந்து கஞ்சித்தண்ணி ஆகிவிடும். பிரிசர்வேட்டிவ் வேலை செய்யவில்லை என்று அதன் மேல் பழி விழும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும், தொட்டியில் ஏறிக் குழாயில் இறங்கிய பிறகு கிருமி இல்லாத தண்ணீர் என்று சொல்ல முடியாது.

காய்ச்சி வடித்த நீரே வேண்டும். பெட்ரோல் பங்கில் கிடைக்கிற பேட்டரித் தண்ணீரில் உப்பு இருக்காது, ஆனால் கிருமியைப் பற்றி அதை விற்பவருக்குக் கவலையில்லை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் கொதிக்கவைத்து, மூடி ஆறவைத்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 0.1 சதவீதம் சேர்த்தால் எஞ்சிய உலோக உப்புகளைக் கட்டிப்போடும். சூடோமோனாஸ் மாதிரிப் பாக்டீரியாவின் வெளித்தோலையும் தளர்த்திவிடும், அதனால் ஃபீனாக்சிஎத்தனாலின் வேலை சுலபமாகும்.

6. கலக்கும் நேரமும் முறையும்

கிரீம், லோஷனுக்கு: எண்ணெய்ப் பாகமும் நீர்ப் பாகமும் சேர்ந்து வெண்மையாகி, சூடு 45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் போடுங்கள். கண்ணாடிப் பீக்கரிலோ சின்ன ஸ்டீல் கிண்ணத்திலோ எடைபோட்டு ஊற்றி, ஐந்து நிமிடமாவது விடாமல் கலக்குங்கள். கிண்ணத்தில் ஒட்டியிருப்பதையும் கிரீமாலேயே வழித்துச் சேர்த்துவிடுங்கள். அரை கிராம் ஒட்டி நின்றாலும் கணக்கு கெடும்.

முதலிலேயே எண்ணெய்ப் பாகத்தில் போட்டுச் சூடாக்கினால் என்ன? பொருள் பொசுங்கிவிடாது, அதன் கொதிநிலை 245 டிகிரிக்கு அருகில். சிக்கல் வேறு. அது எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும், கிருமியோ தண்ணீர்ப் பாகத்தில்தான் வளரும். காவல்காரரை வீட்டுக்குள் படுக்கவைத்து வாசலைத் திறந்துபோட்ட கதைதான்.

ரோஸ் வாட்டர், டோனர் மாதிரித் தண்ணீர்ப் பொருளுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஃபீனாக்சிஎத்தனால் தண்ணீரில் 2.4 சதவீதம் வரைதான் கரையும், அதுவும் மெதுவாக. நேரடியாக ஊற்றிவிட்டு வெளிச்சத்தில் பீக்கரைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கண்ணாடி மணி மாதிரி உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். அப்படியே பாட்டிலில் நிரப்பினால் முதலில் நிரப்பிய பாட்டிலில் பிரிசர்வேட்டிவ் போதாது, கடைசிப் பாட்டிலில் அளவுக்கு மீறி நிற்கும், பூசியவர் முகம் எரியும். இதைத் தவிர்க்க, முதலில் மூன்று நான்கு மடங்கு கிளிசரினிலோ புரொப்பிலீன் கிளைக்காலிலோ கலந்துகொண்டு, அதைத் தண்ணீரில் மெல்லிய நூலாக விட்டு, 15 நிமிடம் கலக்குங்கள். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். உருண்டை ஒன்றுகூடத் தெரியக் கூடாது.

கண்ணாடி அணியுங்கள். வெறும் திரவம் கண்ணில் தெறித்தால் கடுமையான பாதிப்பு வரும். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். குளிர்பெட்டியில் வைத்தால் 11, 12 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை நிறுத்தினால் பழையபடி இளகும்.

7. எதனோடு சேர்ந்தால் வீரியம் குறையும்

பாலிசார்பேட் 20, 80 இரண்டும் முக்கியமான எதிரிகள். வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கரைக்க இவற்றை அள்ளிப் போடுவார்கள். அவை ஃபீனாக்சிஎத்தனாலையும் தமக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும். வாசனை எண்ணெயைக் குறைத்தால் பாலிசார்பேட்டும் குறையும்.

பச்சைப் பொருள் அடுத்த எதிரி. தோட்டத்துக் கற்றாழையை வழித்துப் போட்ட கிரீமை எந்தப் பிரிசர்வேட்டிவும் ஓராண்டு காப்பாற்றாது. ஈரோட்டு மஞ்சள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தூளாகக் கிரீமில் போட்டால் அதோடு மண்ணிலிருந்து வந்த பாக்டீரியா வித்துகளும் உள்ளே போகும். வித்து நிலையில் உள்ளவற்றை இந்தப் பொருள் கொல்லாது. மஞ்சள் வேண்டுமென்றால் எண்ணெயில் ஊறவைத்து வடித்த சாரத்தைப் போடுங்கள், அல்லது காய்ந்த பொடியாகத் தனியே விற்றுவிடுங்கள்.

8. லேபுக்கு எப்போது, எதற்கு

மூன்று டப்பா எடுத்து ஒன்றை அலமாரியிலும் ஒன்றை வெப்பமான இடத்திலும் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் வைத்து, நிறம், வாடை, பி.எச். பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் கிராமுக்குப் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கிற கிரீம்கூடப் பார்க்க வெள்ளை வெளேரென்று இருக்கும். கண்ணை நம்பி விற்க முடியாது.

லேபில் இரண்டு வகைச் சோதனை. ஒன்று, இப்போது எத்தனை கிருமி இருக்கிறது என்று எண்ணுவது. முடிவு வர ஒரு வாரம் ஆகும். சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17516 கிராமுக்கு 1,000 வரை ஏற்கிறது. மூன்று வயதுக்குட்பட்டோர் பொருளுக்கும் கண்ணைச் சுற்றிப் பூசும் பொருளுக்கும் 100. மற்றொன்று சேலஞ்ச் டெஸ்ட், ஐ.எஸ்.ஓ. 11930. வேண்டுமென்றே ஐந்து வகைக் கிருமிகளை உங்கள் கிரீமில் விட்டு, 28 நாள் எண்ணிக்கொண்டே வருவார்கள். அறிக்கை கைக்கு வர ஐந்து ஆறு வாரம். முதல் சோதனையைவிடப் பல மடங்கு செலவு. அதனால் செய்முறையை இறுதி செய்த பிறகே கொடுங்கள். வாசனையையோ டப்பாவையோ பின்னால் மாற்றினால் மறுபடி செய்ய வேண்டிவரும்.

லேபைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். உணவுச் சோதனைக்கு அங்கீகாரம் பெற்ற லேபும் அதே முத்திரையைத்தான் காட்டும். அழகுப் பொருள் நுண்ணுயிர்ச் சோதனை அதன் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா என்று கேளுங்கள். தீபாவளி விற்பனைக்குக் குறிவைத்தால் ஆடிப்பெருக்குக்கு முன்பே சாம்பிள் லேபில் இருக்க வேண்டும்.

9. உரிமம்

சிறுதொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு, உரிமம் அல்ல. இலவசமாகக் கிடைக்கிற அந்தச் சான்றை வைத்துக்கொண்டு கிரீம் விற்கலாம் என்று நினைப்பவர் ஏராளம். உணவுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணும் இதற்குச் செல்லாது. அழகுப் பொருள், குளியல் சோப்பு உட்பட, விற்பனைக்கோ விநியோகத்துக்கோ தயாரிக்க, 2020 அழகுப் பொருள் விதிகளின்கீழ் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். இலவச சாம்பிள் கொடுப்பதும் விநியோகம்தான்.

விண்ணப்பம் சி.ஓ.எஸ்.-5 படிவம். வேறொருவர் தொழிற்கூடத்தில் உங்கள் பெயரில் செய்வதற்கான லோன் லைசென்ஸ் என்றால் சி.ஓ.எஸ்.-6. கூடவே வைக்க வேண்டியவை: கட்டட வரைபடம், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துப் பத்திரம், எந்திரப் பட்டியல், வேதியியலோ மருந்தியலோ படித்த தொழில்நுட்பப் பொறுப்பாளரின் சான்றுகள், கூட்டு என்றால் பங்குதாரர் பத்திரம், நல்ல தயாரிப்பு முறைகளைப் பின்பற்றுவதாக உறுதிமொழி, செய்யப்போகும் பொருள்களின் பட்டியல். கட்டணம் பொருள் வகைகளையும் எண்ணிக்கையையும் பொறுத்தது. ஆசைக்கு இருபது பொருள் எழுதாமல், உண்மையில் செய்யப்போகிற ஐந்தை எழுதுங்கள்.

வீட்டுச் சமையலறைக்கு உரிமம் கிடைக்காது. குடியிருக்கும் இடத்திலிருந்து பிரிந்த இடம் வேண்டும். கிரீம், லோஷன் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்படுவது சுமார் 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடி. அந்த முதலீடு இப்போது முடியாதென்றால், உரிமம் உள்ள தொழிற்கூடத்தில் செய்து வாங்குவதே புத்திசாலித்தனம். அப்போதும் பிரிசர்வேட்டிவ் எது, எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. லேபிள்

1 சதவீதத்துக்கு மேலுள்ள பொருள்களை அளவு இறங்குவரிசையில் எழுத வேண்டும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அவற்றின் பின்னால் எந்த வரிசையிலும் எழுதலாம். ஃபீனாக்சிஎத்தனால் இந்தக் கடைசிக் கூட்டத்தில் வரும். சர்வதேசப் பெயரிலேயே எழுதுங்கள், ‘பாதுகாப்பான்’ என்று பொத்தாம்பொதுவாக விடாதீர்கள். உரிம எண், பேட்ச் எண், எந்த மாதம் வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த விலை, புகார் சொல்ல எண் ஆகியவையும் வேண்டும். எடையளவுத் துறையில் பேக்கர் பதிவு தனி, கட்டணம் 500 ரூபாய்.

பாராபென் என்பது வேறு வகைப் பிரிசர்வேட்டிவ். ‘பாராபென் இல்லை’ என்று போடலாம், அது உண்மை. ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று போட்டால் பொய். ஃபீனாக்சிஎத்தனால் பச்சைத் தேயிலையில் இயற்கையாகவே இருக்கிறது என்று விற்பவர் சொல்வார். புட்டியில் உள்ளது தொழிற்சாலைச் சரக்கு. இயற்கைப் பொருள் சான்றான காஸ்மோஸ் இதை ஏற்பதில்லை, அந்தச் சான்றுதான் உங்கள் குறி என்றால் பென்சைல் ஆல்கஹால், சோடியம் பென்சோயேட் பக்கம் போங்கள். சோடியம் பென்சோயேட்டுக்குப் பி.எச். 5க்குக் கீழே இருக்க வேண்டும், அது வேறு வேலை.

11. பேட்ச் தாளும் ஒதுக்கிவைத்த டப்பாவும்

ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு தாள்: தேதி, பேட்ச் எண், ஒவ்வொரு பொருளின் எடை, ஃபீனாக்சிஎத்தனால் புட்டியின் பேட்ச் எண், போட்டபோது இருந்த சூடு, முடிவில் பி.எச். எடை போட்டவர் ஒருவர், பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்திடுபவர் வேறொருவர். ஒவ்வொரு பேட்ச்சிலும் இரண்டு டப்பாவைத் திறக்காமல் தேதி முடியும்வரை ஒதுக்கிவையுங்கள்.

புகார் வந்தால் அந்த ஒதுக்கிய டப்பாவை முதலில் திறந்து பாருங்கள். அதுவும் கெட்டிருந்தால் அந்தப் பேட்ச் முழுவதையும் திரும்பப் பெறுங்கள், தாளில் எடையைப் பாருங்கள். அது நன்றாக இருந்து, வாடிக்கையாளர் டப்பா மட்டும் கெட்டிருந்தால், அகல வாய் டப்பாவில் ஈரக் கை போயிருக்கிறது. அடுத்த ஆர்டரில் பம்ப் பாட்டிலுக்கு மாறிவிடுங்கள்.